பெயர் சொல்லாத மணி

"கொன்னுட்டான்… என் தம்பியே என் தாலியை அறுத்துட்டான்!"

கிளாடிஸின் அலறல் சிப்பித்துறைக் கடற்கரையைக் குலுக்கியது.

வியாழக்கிழமை. காலை எட்டேகால் மணி.

ஈர மணலில் மல்லாந்து கிடந்தான் அவள் கணவன் மெல்வின். முப்பத்து நான்கு வயது. கடலடியில் சங்கு எடுக்கும் சங்குகுளி. ஊரிலேயே நீண்ட மூச்சுக்காரன் என்று பெயரெடுத்தவன். இப்போது அந்த மூச்சுதான் அவனிடம் இல்லை.

மூக்கில் ரத்தம். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட். வலைப்பையில் ஏழு சங்குகள்.

அவன் காலடியில் ஒருவன் முழங்காலிட்டிருந்தான். கிளாடிஸின் தம்பி ஜாய்சன். அவன் ஓடவில்லை. ஒளியவில்லை. அக்கா அடித்த அடிகளை எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தான்.

ஒன்பது மணிக்கு போலீஸ் ஜீப் வந்தது.

எஸ்.ஐ. சரண்யாதேவி இறங்கினாள். தாமிரபரணிக் கரையில் வயலும் வரப்புமாய் வளர்ந்தவள். கடல் அவளுக்குப் புதிது. பொய் புதிதல்ல. அவளுக்குப் பின்னால், தொப்பையைத் தொப்பியால் மறைக்க முயன்றபடி ஏட்டு வெள்ளத்துரை வந்தார்.

"யாரும்மா கொன்னது?"

"இவன்தான் மேடம்." கிளாடிஸ் கையை நீட்டினாள். அவள் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் ஒட்டடைக் கம்பு மணலில் கிடந்தது. வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறாள். "அவிய கடலுக்கு அடியில நிக்காவ. இவன் மேல வள்ளத்துல நிக்கான். காத்து குடுக்க வேண்டியவன் எஞ்சினை அமத்திட்டான்."

சரண்யாதேவி வள்ளத்தைப் பார்த்தாள். எஞ்சின். எஞ்சினோடு பெல்ட் போட்டு இணைத்த கம்ப்ரசர். அதிலிருந்து பாம்பாகச் சுருண்டு கிடந்த மஞ்சள் டியூப். அந்த டியூப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் சங்குகுளி கீழே போகிறான். எஞ்சின் ஓடினால் காற்று. எஞ்சின் நின்றால்…

மெல்வின்.

"ஏம்ல அமத்துன?" வெள்ளத்துரை அதட்டினார்.

ஜாய்சன் தலை நிமிரவில்லை.

"மணி அடிச்சுது சார்."

"என்ன மணி?"

"கோயில்ல துக்க மணி. ஊர்ல சாவு விழுந்தா ஒத்தை ஒத்தையா அடிப்பாவ. அது காதுல கேட்டா, கடல்ல நிக்கவன் எஞ்சினை அமத்திட்டு முழங்கால்ல நிக்கணும். செத்தவியளுக்காக மூணு தடவை செபம் சொல்லணும். அப்புறம் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பணும். அடக்கம் முடியுத வரைக்கும் ஒரு வள்ளமும் எறங்கக் கூடாது. எங்க ஊர் முறை."

"கீழ ஆள் நிக்கது தெரியாதா உனக்கு?"

"பத்து வருஷம் வலை வள்ளத்துல இருந்தேன் சார். வலை வள்ளத்துல கீழ ஆள் கிடையாதுல்லா. சங்கு வள்ளத்துக்கு வந்து மூணு நாள்தான் ஆச்சு." அவன் குரல் தேய்ந்தது. "மணி கேட்டதும் கை தானாப் போச்சு. கண்ணை மூடிக்கிட்டேன். மூணாவது தடவை சொல்லி முடிச்சு கண்ணைத் தொறக்கேன்… டியூப் தெரியுது. இழுத்தேன். வந்துட்டாவ. இப்படித்தான் வந்தாவ."

செத்தவருக்காகச் செபம் சொன்னவன், சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவனைச் சாகடித்திருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த ஏட்டுகூட அதட்டுவதை நிறுத்தினார்.

சரண்யாதேவி மட்டும் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"சரி. யாரு செத்தது?"

"தெரியாது மேடம்."

"மணி யாருக்கு அடிச்சாங்க?"

கூட்டம் முழுவதும் மணலைப் பார்த்தது. யாரோ இருமினார்கள்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலையோடு ஒருவர் முன்னால் வந்தார். ஊர்க் கமிட்டித் தலைவர் வில்பிரட்.

"மணியா? மணி ஒண்ணும் அடிக்கலையே மேடம்."

ஜாய்சன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணாச்சி… நீங்க என்ன சொல்லுதிய?"

"உள்ளதைத்தான்ல சொல்லுதேன். மொத்தம் நூத்திப்பத்து வீடு மேடம். எல்லாரும் ஆண்டவர் கிருபையில நல்லா இருக்காவ. சாவே விழல. அப்புறம் எங்க இருந்து மணி?"

சரண்யாதேவி கூட்டத்தைப் பார்த்தாள்.

"மணி கேட்டவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

அவள் கிளாடிஸ் பக்கம் குனிந்தாள்.

"நீங்கம்மா? நீங்க கேட்டீங்களா?"

கிளாடிஸ் கணவனின் முகத்திலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"கேக்கல."

"அக்கா…" என்றான் ஜாய்சன். அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. இரண்டு கைகளையும் ஏட்டிடம் நீட்டினான்.

* * *

ஜீப்பின் பின்சீட்டில் ஜாய்சன். வெளியே பானட்டில் சாய்ந்து வெள்ளத்துரை விசாரித்து வந்ததை ஒப்பித்தார்.

"பகை இருக்கு மேடம். போன மாசம் கோயில் திருவிழா. கம்யூனிட்டி ஹால் பக்கத்துல ஃபுட்பால் மேட்ச். மெல்வின் ரெஃபரி. மச்சான் டீமுக்கு எதிரா பெனால்டி குடுத்துட்டான். இவன் எல்லாரும் பாக்க நின்னு, 'உம்மை ஒருநாள் கடல்லயே விட்டுட்டு வாரேன் பாரும்'னு கத்தியிருக்கான்."

"பெனால்டிக்காகக் கொலையா?"

"எங்க தெருவுல கேரம் போர்டுக்கே மண்டை உடைஞ்சிருக்கு மேடம். அப்புறம் ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்களாம். மெல்வினே இவனைத் தன் வள்ளத்துக்குக் கூப்பிட்டிருக்கான். அதுவும் சந்தேகமாத்தான் இருக்கு."

சரண்யாதேவிக்கு மணிதான் உறுத்தியது. மணி அடித்திருந்தால், இது ஒரு மடையனின் மறதி. அடிக்கவில்லை என்றால், திட்டமிட்ட கொலை. ஜாய்சனின் ஆயுள் முழுக்க அந்த ஒற்றை மணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஐஸ் வண்டி ஒன்று நின்றது. அதன் டிரைவர் ராஜதுரை. உடன்குடிக்காரன். சிப்பித்துறைக்கு உறவுமில்லை, பகையுமில்லை.

"காலையில இங்கயா இருந்தீங்க?"

"ஏழு மணியில இருந்து இங்கனதான் மேடம். ஐஸ் பூரா உருகிட்டு. மீன் வந்தாத்தானே?"

"மணிச் சத்தம் கேட்டுச்சா?"

"வண்டியில பாட்டு அலற விட்டிருந்தேன். இடி விழுந்தாக்கூடக் கேக்காது." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா ஒரு கூத்து நடந்துச்சு மேடம். ஏழே முக்கால் இருக்கும். கடல்ல நின்ன அத்தனை வள்ளமும் ஒண்ணுபோல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு கரைக்கு வருது. முப்பது வள்ளம். எல்லாம் வெறுங்கூடை. என்னடானு டீக்கடைக்குப் போறேன், பாதி ஷட்டர் எறக்கியாச்சு. டீ கூடக் கிடைக்கல."

"மெல்வின் செத்த சேதி கேட்டு வந்திருப்பாங்க."

"அதெப்படி மேடம்? அவிய வள்ளம்தானே கடைசியா வந்துச்சு. அதுக்கு முன்னாடியே எல்லாவனும் கரையில நின்னு, 'யாரு, யாரு'னு ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேட்டுக்கிட்டு நின்னாவ."

சரண்யாதேவியின் முதுகு நிமிர்ந்தது.

"ஏட்டய்யா."

"மேடம்?"

"ஊரே பொய் சொல்லுது."

* * *

கோயில் திறந்துதான் கிடந்தது.

உள்ளே கோயில்பிள்ளை தனராஜ் நின்றுகொண்டிருந்தார். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, மைக்கில் அறிவிப்புச் சொல்வது, எல்லாம் அவர் வேலை. அறுபது வயது. போலீஸைப் பார்த்ததும் கையிலிருந்த சாவிக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

சரண்யாதேவி சுற்றிலும் பார்த்தாள்.

பீடத்துக்கு வலப்பக்கம் சுவர் பளிச்சென்று இருந்தது. இடப்பக்கம் ஒட்டடை அப்படியே தொங்கியது. சுவரில் சாய்த்த ஏணி. அதற்குப் பக்கத்தில் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய பட்டியல். கோயில் துப்புரவு முறை. திங்கள், செவ்வாய், புதன்… வியாழனுக்கு நேரே இருந்த பெயரைப் படித்தாள். ஏட்டிடம்கூட அவள் எதுவும் சொல்லவில்லை.

"ஐயா, துக்க மணி அடிச்ச பிறகு நீங்க என்ன செய்வீங்க?"

"மைக்குல பேரைச் சொல்லுவேம்மா. இன்னாருடைய மனைவி இன்னார் இறைவனடி சேர்ந்துட்டாவ, அடக்கம் இத்தனை மணிக்குனு."

"இன்னிக்கு ஏன் சொல்லல?"

"இன்னைக்கு மணியே…"

"ஐயா." அவள் குரலை உயர்த்தவில்லை. "வெளியில ஜீப்புல ஒருத்தன் இருக்கான். நீங்க இல்லைன்னு சொன்னா அவனுக்கு ஆயுள் தண்டனை. பீடத்துக்கு முன்னால நின்னு சொல்லுங்க. இந்த ஊர்ல, பேரை மைக்ல சொல்லக் கூடாத ஆள் யாராவது இருக்காங்களா?"

சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

தனராஜ் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கடைசி வீடும்மா. கெழக்கால, ஓடைக்கு அந்தப் பக்கம். விக்டோரியா வீடு."

"நூத்திப்பத்து வீட்டுல அது எத்தனையாவது?"

"அது அந்தக் கணக்குல கிடையாதும்மா."

"மணி நீங்கதான் அடிச்சீங்களா?"

"எனக்கு ஏது அந்தத் தைரியம்? ஏழரை மணிக்கு அவ மக ஜெஸ்மி வந்து வாசல்ல நின்னா. அம்மா போயிட்டா, மணி அடிங்கன்னா. கமிட்டியக் கேளுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காப்பி குடிக்கப் போயிட்டேம்மா. பாதிக் காப்பியில மணி கேட்டுது. ஓடி வந்தேன். கயிறு ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு. யாரு அடிச்சதுன்னு நான் கேக்கல."

* * *

கடைசி வீட்டின் கதவில் எண் எழுதியிருந்தது. 111.

கட்டிலில் விக்டோரியா. அறுபத்து மூன்று வயது. வெள்ளைத் துணியால் தாடையைக் கட்டியிருந்தது. தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி. பக்கத்தில் ஒரே ஒரு பெண்.

சாவு வீட்டில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைச் சரண்யாதேவி அதுவரை பார்த்ததில்லை.

"நீங்க ஜெஸ்மியா?"

"ஆமா."

"எப்ப இறந்தாங்க?"

"காலையில ஆறு மணிக்கு. நெஞ்சு வலி. ஆட்டோ கூப்பிட்டேன். ஊருக்குள்ள எந்த ஆட்டோவும் எங்க வீட்டுக்கு வராது."

"ஏன்?"

ஜெஸ்மி அதை ஒரு மனப்பாடச் செய்யுளைப் போல, உணர்ச்சியே இல்லாமல் சொன்னாள்.

"கம்யூனிட்டி ஹாலை எங்க வலை காயப்போடுற எடத்துல கட்டிட்டாவ. அம்மா கமிட்டியில கேட்டா. பதில் இல்ல. கோர்ட்டுக்குப் போனா. ஊரைத் தாண்டி கோர்ட்டுக்குப் போனதுக்கு ஒதுக்கி வச்சுட்டாவ. நாலு வருஷம். யாரும் பேசக் கூடாது. கடையில சாமான் தரக் கூடாது. செத்தா மணி அடிக்கக் கூடாது. அந்த ஹால்லயே கூட்டம் போட்டு, எல்லாரையும் கை தூக்கச் சொல்லி முடிவு பண்ணுனாவ."

"யாருமே எதிர்க்கலையா?"

"எண்ணிப் பாத்தா அம்மா. எல்லாக் கையும் தூக்கி இருந்துச்சு."

"இன்னிக்கு மணி அடிச்சுதே…"

முதன்முறையாக ஜெஸ்மியின் கண்கள் நிறைந்தன.

"ஆமா. நான் கோயில்ல இருந்து திரும்பி வந்து அம்மா காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மணி கேட்டுது. யாருமே அடிக்க மாட்டாவல்ல… அதான், ஆண்டவரே அடிச்சுட்டார்னு நெனச்சேன்."

வெள்ளத்துரை தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

* * *

கிளாடிஸின் வீட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. இரண்டு சாவு விழுந்த ஊரில், ஒரு வீட்டில் நிற்க இடமில்லை. இன்னொரு வீட்டில் நிற்க ஆளில்லை.

மெல்வினின் உடல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. வெறும் பாயின் முன்னால் கிளாடிஸ் உட்கார்ந்திருந்தாள்.

சரண்யாதேவி கையில் கொண்டு வந்த ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"கடற்கரையிலயே விட்டுட்டு வந்துட்டீங்க. கோயில் சாமானாச்சே."

கிளாடிஸ் கம்பைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இன்னிக்கு உங்க முறை. கரும்பலகையில பேர் பார்த்தேன். பாதி ஒட்டடை அடிச்சிருக்கீங்க. மீதிய ஏன் விட்டீங்க?"

கிளாடிஸ் பாயின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"தம்பி கொலைகாரன் இல்லைன்னு உலகத்துலயே உறுதியாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். அவன் உங்க முகத்தைப் பார்த்துட்டு அப்புறம் வாயே திறக்கல. விலங்கு மாட்டட்டுமா?"

"வேண்டாம்."

"எனக்குக் கேட்கல."

"வேண்டாம்…" கிளாடிஸ் எழுந்து நின்றாள். உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயமில்லை என்பதுபோல நின்றாள். "மணியை நான்தான் அடிச்சேன்."

பெண்கள் கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது.

"ஏளா, சும்மா இரு…" என்று யாரோ அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உதறினாள்.

"விக்டோரியா எனக்கு ஞானத்தாய் மேடம். ஞானஸ்நானத்துல என்னையக் கையில ஏந்துனவ. நாலு வருஷமா அந்த வாசல்ல முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறேன். அவ ஒவ்வொரு நாளும், 'நல்லாயிருக்கியாளா'னு கேப்பா. நான் காது கேக்காதவ மாதிரி நடப்பேன். கூட்டத்துல நானும் கை தூக்குனேன். என் வீட்டுக்காரரும் தூக்குனாவ. தம்பியும் தூக்குனான். இன்னைக்கு ஏணி மேல நிக்கேன். ஜெஸ்மி வந்து கேக்கா. கோயில்பிள்ளை கமிட்டியக் கேளுங்கார். எனக்கு வெக்கமாப் போச்சு மேடம். என் தோலை உரிச்சுப் போட்டுரலாம் போல இருந்துச்சு. எறங்கி வந்து கயித்தைப் பிடிச்சுட்டேன்."

"பேரை ஏன் மைக்ல சொல்லல?"

"மைக்கைக் கையில எடுத்தேன். ஊர் என்னையும் ஒதுக்கிருமோனு பயந்துட்டேன். வச்சுட்டு மறுபடி ஒட்டடை அடிக்கப் போயிட்டேன். அரை மணி நேரத்துல கடக்கரையில இருந்து சத்தம் வருது…"

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்திய கையின் வழியாகவே பேசினாள்.

"அவிய கடலுக்குள்ள நிக்காவனு எனக்கு நெனப்பே வரல. தம்பிக்கும் வரல. மணி அடிச்சா எஞ்சினை அமத்துவாவனு தெரியாதா எனக்கு? எல்லாம் தெரியும். ஒரே நேரத்துல ரெண்டு பேரும் அவியள மறந்துட்டோம். அதை என் வாயால எப்படிச் சொல்லுவேன்? அதான் அவன் தலையில போட்டேன். வில்பிரட் அண்ணாச்சி ஒவ்வொருத்தர் காதுலயா வந்து, மணி அடிக்கலைன்னு சொல்லுங்கன்னாவ. எனக்கும் அது வசதியாப் போச்சு."

வாசலில் நிழல் விழுந்தது.

ஜாய்சன். ஏட்டு அவனைக் கூட்டி வந்திருந்தார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

கிளாடிஸ் அவனைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள்.

"ஏலே… கேக்கலைன்னு சொல்லிட்டேம்ல."

"விடுக்கா," என்றான் அவன். "நீ மணியை அடிச்ச. நான் எஞ்சினை அமத்துனேன். யாரு யாரை அடிக்க?"

* * *

வில்பிரட் ஜீப்பருகே காத்திருந்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"மேடம், ஒரு வார்த்தை. ஜாய்சனை விட்டுருங்க, விபத்துனு போட்டுருங்க. நாங்களே சாட்சி சொல்லுதோம். ஆனா அந்த விக்டோரியா விஷயம் மட்டும் எழுத வேண்டாம். ஊர் மானம் பாருங்க."

"அது காலையில ஏழரை மணிக்கே போயிடுச்சு அண்ணாச்சி. ஒரு பொண்ணு கோயில் வாசல்ல நின்னு கெஞ்சினாளே, அப்ப."

"கமிட்டி எடுத்த முடிவு மேடம். நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?"

"அதையேதான் ஊர்ல எல்லாரும் சொல்றாங்க."

அப்போது கோபுரத்தின் லவுட் ஸ்பீக்கர் கரகரத்தது.

ஒரு பெண்ணின் குரல். கிளாடிஸ்!

"சிப்பித்துறை ஊர் மக்களுக்கு அறிவிப்பு. நூத்திப்பதினோராம் நம்பர் வீட்டுல விக்டோரியா இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு இறைவனடி சேர்ந்துட்டாவ. அவிய என் ஞானத்தாய்." மூச்சு விடும் சத்தம். "அதுக்குப் பின்னால… என் வீட்டுக்காரர் மெல்வின்."

மணி அடிக்கத் தொடங்கியது. இந்த முறை கயிற்றைப் பிடித்திருந்தவர் தனராஜ்.

டீக்கடை ஷட்டர் முழுவதும் இறங்கியது. ஆண்கள் ஒவ்வொருவராகத் தெருவுக்கு வந்தார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கிழக்கே, ஓடையைத் தாண்டி, நாலு வருஷமாக யாரும் ஏறாத வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். முதல் ஆள் ஜெஸ்மியின் வாசலில் போய் நின்றான். உள்ளே போகத் தைரியமில்லாமல் செருப்பைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். மறுபடி கழற்றினான்.

வில்பிரட்டும் போனார். ஜெபமாலையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

சரண்யாதேவி ஜீப்பில் ஏறினாள். ஜாய்சன் மேல் கவனக்குறைவு வழக்கு. கொலை வழக்கு இல்லை. அடக்கத்துக்கு இருந்துவிட்டு நாளைக் காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

வெள்ளத்துரை மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்தார்.

"மேடம், போலீஸ்கிட்ட பொய் சொன்னவங்க லிஸ்ட்டு எழுதணுமே. யார் யார் பேரை எழுத?"

"ஊர் மொத்தத்தையும் எழுதுங்க ஏட்டய்யா. ஒரு வீட்டை மட்டும் விட்டுடுங்க… அந்த வீட்டை விட்டுட்டு எண்ணுறது இவங்களுக்குப் பழக்கம்தானே."